ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்தானா?

"முதல் குழந்தை சிசேரியன் என்றால் அடுத்ததும் சிசேரியன்தான், வலி எடுத்தால் தையல் பிரிந்து கருப்பை வெடித்துவிடும்" என்று சொல்லும் வாட்ஸ்அப் செய்தியொன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த் பகுதித் தமிழ்க் குடும்பங்களிடையே சுற்றிவருகிறது. அது தவறு.

1916-இல் நியூயார்க் மருத்துவர் எட்வின் கிராகின் இக்கருத்தை எழுதியபோது, கருப்பையின் மேற்பகுதியில் நெடுக்காகக் கீறுவதே வழக்கமாக இருந்தது. இன்று பெரும்பாலும் கீழ்ப்பகுதியில் குறுக்காகக் கீறுவதால், தழும்பு பிரசவ வலியைப் பெரிதும் தாங்குகிறது. அத்தகைய ஒரு தழும்புடன் முயலும் பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 60 முதல் 80 பேர் சுகப்பிரசவம் காண்கிறார்கள். தழும்பு பிரிவது சுமார் 200 பேரில் ஒருவருக்கே.

ஆயினும் அந்த ஒருவருக்கு அது தாய், சேய் இருவரின் உயிருக்கும் ஆபத்து என்பதால், வீட்டிலோ, அறுவை அரங்கு இல்லாத மகப்பேறு கிளினிக்கிலோ முயலவே கூடாது; உடனடியாக அறுவை செய்யக்கூடிய மருத்துவமனையில், குழந்தையின் இதயத்துடிப்பைத் தொடர்ந்து கண்காணித்தபடியே முயல வேண்டும். கருப்பையின் மேற்பகுதியில் நெடுக்குக் கீறல் உள்ளவர்களுக்கும், முன்பே கருப்பை கிழிந்தவர்களுக்கும் இவ்வழி பொருந்தாது.

வயிற்றுத் தோலில் குறுக்காகத் தெரியும் கோட்டை வைத்து உள்ளே எப்படிக் கீறினார்கள் என்று முடிவுசெய்ய இயலாது. ஆகவே, முதல் பிரசவத்தின் அறுவைக் குறிப்பைக் கேட்டு வாங்கி, கர்ப்பம் உறுதியானதுமே மருத்துவரிடம் காட்டுங்கள்.