இரண்டு புது டயர் என்றால் பின்னுக்குத்தான்
"புது டயர் போட்டால் முதல் நாளே மழையிலும் பயமில்லை, இரண்டு மட்டும் வாங்கினால் முன்னுக்குப் போடுங்கள்" என்று மேலே ஒரு அண்ணா எழுதியிருக்கிறார். இரண்டுமே பிழை.

புது டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். தொழிற்சாலையில் டயரை வார்ப்பு அச்சிலிருந்து கழற்றப் பூசும் பொருளின் மிச்சமும் ஒட்டியிருக்கலாம். அது சற்றுத் தேயும் வரை பிடிப்பு முழுதாக வராது. முதல் சில நூறு கிலோமீட்டருக்குச் சடுதியாக பிரேக் அடிக்காமல் ஓடுங்கள். கொழும்பு–காலி வீதி நெரிசலில் வேகமெடுக்க எப்படியும் வழியில்லை, தெற்கு அதிவேகப் பாதையில் ஏறுகிறவர்கள்தான் கவனம்.

முன்னா பின்னா என்பது இதைவிட முக்கியம். தண்ணீர் நிற்கும் வீதியில் தேய்ந்த டயர்தான் முதலில் தண்ணீர்மேல் மிதந்து பிடியை இழக்கும். அது முன்னுக்கு இருந்தால் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் நேரே வழுக்கும். அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடி திரும்பிவிடும். பின்னுக்கு இருந்தால் வால் சுழன்றுவிடும், பழகிய ஓட்டுநருக்கே மீட்பது கஷ்டம். முன்சில்லு இழுக்கும் விட்ஸ், வேகன்ஆர் கார்கள் என்றாலும் இதே கதைதான்.

அப்புறம், பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் வாங்கினாலும் சரி, ஷோரூமில் வாங்கினாலும் சரி, பக்கச்சுவரில் டிஓடி (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2324 என்றால் 2024இன் 23ஆம் வாரத் தயாரிப்பு. ஒரு பக்கத்தில் மட்டுமே அது இருக்கலாம். உட்பக்கமாக மாட்டிவிட்டால் தெரியாது, அதனால் மாட்ட முன்னரே பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.