விருந்தில் யார் யாரோடு பேசினார்கள்?
கோவா திரைப்பட விழா வரவேற்பு விருந்து பற்றிய உங்கள் கட்டுரையில் பாதிக்கு மேல் நட்சத்திரங்களின் உடைதான். சரி, படம் போட்டால்தானே ஆள் படிப்பார்கள். ஆனால் அந்த மாதிரி மாலைகளில் வேலை நடப்பது ஓரத்தில், கையில் தட்டோடு நிற்கும் தயாரிப்பாளர்கள், விற்பனை முகவர்கள், வெளிநாட்டு விழாக்காரர்கள் பக்கம். அங்கே முகத்தைப் பார்க்கும் முன் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைத்தான் பார்ப்பார்கள்! அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகமான என்எஃப்டிசி 2007இல் ஃபிலிம் பஜார் என்ற திரைப்படச் சந்தையைத் தொடங்கியதே இப்படி ஆட்களைச் சேர்த்துவைக்கத்தான். ‘தி லஞ்ச்பாக்ஸ்’ என்ற இந்திப் படம் அந்தச் சந்தை வழியாகப் போனதுதான். இந்தியா, பிரான்ஸ், ஜெர்மனி கூட்டுத் தயாரிப்பாக வளர்ந்து, 2013இல் கான் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரப் பிரிவில் திரையிடப்பட்டது. அடுத்த முறை யார் யாரோடு பேசினார்கள் என்று எழுதுங்கள். உடை விவரமெல்லாம் இன்ஸ்டாகிராமிலேயே கிடைக்கிறது.