இஸ்நியூமெரிக் மட்டும் போதாது

'செல்லில் எண் இருக்கிறதா என்று அறிய இஸ்நியூமெரிக் ஒன்றே போதும்' என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். எக்செல் விபிஏவில், அதாவது எக்செலுக்குள் நிரல் எழுதும் மொழியில், இந்தச் செயற்கூறு பார்ப்பது, மதிப்பை எண்ணாக மாற்ற முடியுமா என்பதைத்தான். அதனால் காலி செல்லுக்கும் ட்ரூ, அதாவது 'ஆம்', வரும்! டெக்ஸ்டாக வைத்த 007-க்கும் வரும். 12, 3 என்ற இலக்கங்களுக்கு நடுவே ஆங்கில 'ஈ' எழுத்து இருக்கும் சரக்குக் குறியீட்டைக்கூட அடுக்குக்குறி எண்ணாக, அதாவது 12,000 என்று, எடுத்துக்கொள்ளும்; ஸ்டாக் பட்டியலில் இது பெரிய தலைவலி.

அதற்குப் பதிலாக 'வார்டைப்' என்ற செயற்கூறைப் பயன்படுத்துங்கள்; மதிப்பு எந்த வகை என்பதை அது ஒரு குறி எண்ணாகச் சொல்லும். செல்லின் வேல்யூவைக் கொடுத்தால் எண்ணுக்கு 5, டெக்ஸ்டுக்கு 8, தேதிக்கு 7, காலிக்கு 0, பிழைக்கு 10 தரும். கரன்சி வடிவம் என்றால் 6. அப்புறம், வேல்யூவுக்குப் பதில், தேதியை வெறும் எண்ணாகத் தரும் வேல்யூ2-ஐக் கொடுத்தால் தேதிக்கும் 5 தான் வரும்.