லாஸ்ட் எவ்வளவு ப்ரோ?

பழைய லேப்டாப் விற்கும் விளம்பரத்தில் "17,500 ரூபாய், பேரம் கிடையாது" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். எட்டு போட்டோ இருக்கும். பிராசசர் நம்பர், ரேம், எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் டிஸ்க்), பேட்டரி எத்தனை சதவீதம், எந்த மூலையில் கீறல், எந்த ஏரியாவில் வந்து பார்க்கலாம், அத்தனையும் எழுதியிருக்கும். ஐந்தாவது நிமிடம் மெசேஜ் வரும்: "இருக்கா?" இருக்கு என்றால் அடுத்தது, "லாஸ்ட் எவ்வளவு ப்ரோ?" அதற்கும் பதில் சொன்னால், "நீங்க 11,000க்கு வாங்கினதுதானே, சும்மா கைமாத்தி விட்டு 6,000 அடிக்கிறீங்களே, நியாயமா?"

அடிக்கிறார்களாம். சரி, அந்தக் கொள்ளைக் கணக்கை ஒருதரம் போட்டே பார்த்துவிடுவோம்.

இன்டெலின் எட்டாம் தலைமுறை ஐ5 பிராசசர் போட்ட பழைய ஆபீஸ் லேப்டாப் ஒன்று 11,000க்குக் கிடைக்கிறது என்று வையுங்கள். பேட்டரி உயிரை விட்டிருக்கும், அதற்கு 2,200. இரண்டு கீ தேய்ந்து எழுத்தே தெரியாது, கீபோர்டு 900. சார்ஜர் தொலைந்திருக்கும், 700. பிரித்த கையோடு விசிறியைத் துடைத்து, பிராசசர் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் போட 150. போய்வர பெட்ரோல் 200. ஆக 15,150. நீங்கள் பேசிப்பேசி 1,000 குறைத்து 16,500க்கு எடுத்துக்கொண்டு போகிறீர்கள். மிச்சம் 1,350. போய்ப் பார்த்து வாங்க இரண்டு மணி நேரம், பிரித்துத் துடைத்து மாட்ட இரண்டு, விண்டோஸ் ஏற்றி அப்டேட் முடிய இரண்டு, போட்டோ எடுத்து விளம்பரம் எழுத ஒன்று, "இருக்கா"வுக்குப் பதில் சொல்லி நேரில் காட்ட இரண்டு. ஒன்பது மணி நேரத்துக்கு 1,350 என்றால் மணிக்கு 150 ரூபாய். அதுவும் எதுவும் தப்பாகப் போகாவிட்டால்!

வாங்க வருகிறவர் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். "பழைய லேப்டாப் வாங்கி விற்று மாதம் ஐம்பதாயிரம்" என்று ஒரு நிமிட வீடியோவைப் பார்த்துவிட்டு சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்புகிற கூட்டமும் இதே தப்பைத்தான் செய்கிறது. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் நடுவில் இருப்பது மொத்தமும் லாபம் என்று நம்புகிறார்கள். அவர்களிடம் பொருளை வாங்கி ஏமாந்தவர்தான் பிறகு எல்லாரையும் திருடன் என்கிறார்.

பிராசசர் நம்பரின் ஒரே ஒரு இலக்கத்தில் எப்படிக் கவிழ்கிறார்கள் என்று பாருங்கள். ஐ5-7300யு என்பது ஏழாம் தலைமுறை, இரண்டு கோர் (கணக்குப் போடும் மூளைப் பகுதி). ஐ5-8350யு எட்டாம் தலைமுறை, நாலு கோர். வெளியில் இருந்து பார்த்தால் இரண்டு மெஷினும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஸ்டிக்கரில் இரண்டிலும் "ஐ5" என்றுதான் இருக்கும். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, ஓரிரு விதிவிலக்கு தவிர, இன்டெலில் எட்டாம் தலைமுறையில் இருந்துதான் முறைப்படி ஏறும். ஏழாம் தலைமுறை மெஷின்கள் மொத்த மொத்தமாக அடிமாட்டு விலைக்கு வந்து குவிவது அதனால்தான். "ஆஹா, சீப்பா கிடைக்குது" என்று பத்து பீஸ் அள்ளிக்கொண்டு வந்து, விண்டோஸின் தகுதிப் பரிசோதனையைத் தாண்டும் வித்தையில் விண்டோஸ் 11 ஏற்றி, "லேட்டஸ்ட் ஓஎஸ்" என்று விற்கிறார்கள். வருடாந்திரப் பெரிய அப்டேட் அதில் தானாக வராது. வாங்கியவர் யாரிடம் போய் அழுவார்?

இன்னொரு அயோக்கியத்தனம் "8 ஜிபி கிராபிக்ஸ்". தனி கிராபிக்ஸ் கார்டே கிடையாது. தேவைப்பட்டால் ரேமில் பாதியை எடுத்துக்கொள்ளலாம் என்று டாஸ்க் மேனேஜர் காட்டுகிற எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டு, கேம் விளையாடலாம் என்று கல்லூரிப் பையன் தலையில் கட்டுகிறார்கள். வெட்கமாக இல்லையா?

வாங்கும்போது பார்க்க வேண்டியதைப் பார்ப்பதற்கு இருபது நிமிடம் போதும். கமாண்ட் பிராம்ப்ட்டில் பேட்டரி ரிப்போர்ட் எடுங்கள். டிசைன் கெப்பாசிட்டி, அதாவது புதிதில் பிடித்த அளவு, 48 வாட் ஹவர் இருந்து, இப்போது பிடிக்கும் ஃபுல் சார்ஜ் 29 காட்டினால் மிஞ்சியது 60 சதவீதம்தான். "நாலு மணி நேரம் நிக்கும் சார்" என்கிற வாய்ச்சொல் எதற்கு? கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்கிற மென்பொருளில் எஸ்எஸ்டியின் ஆரோக்கியம், எத்தனை மணி நேரம் ஓடியது, இரண்டும் தெரியும். வெள்ளைத் திரை, கறுப்புத் திரை இரண்டும் முழுசாக வைத்துப் பாருங்கள், புள்ளியும் ஒளிக்கசிவும் தெரிந்துவிடும். சார்ஜ் ஏறும் டைப்-சி போர்ட் ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒவ்வொன்றிலும் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். 2017 முதல் 2019 வரை வந்த லெனோவா திங்க்பேட் மாடல்கள் சிலவற்றில் அந்த டைப்-சி போர்ட்டை ஓட்டும் தண்டர்போல்ட் சிப்பின் ஃபர்ம்வேரில் (சிப்பிலேயே பதிந்த மென்பொருள்) கோளாறு உண்டு. லெனோவா அதற்குத் திருத்தம் வெளியிட்டும், அதைப் போடாமலேயே பல மெஷின்கள் வருடக்கணக்கில் ஓடியிருக்கின்றன. போர்ட் ஒருநாள் பேச்சுமூச்சில்லாமல் நின்றுவிடும். சாதாரண அப்டேட்டில் மீளாவிட்டால் மதர்போர்டைக் கழற்றிச் சிப்பில் ஃபர்ம்வேரைத் திரும்ப எழுத வேண்டும். மேலே சொன்ன 1,350 அங்கேயே காலி.

இதைவிடக் கொடுமை பூட்டு. பயாசில் (விண்டோஸுக்கு முன்னாலேயே ஓடும் அடிப்படை மென்பொருள்) சூப்பர்வைசர் பாஸ்வேர்டு போட்டிருந்தால், மதர்போர்டில் இருக்கும் சின்ன பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போய்விடும் என்பது அந்தக் காலத்து வைத்தியம். இப்போது அது தனிச் சிப்பில் உட்கார்ந்திருக்கிறது. கம்பெனி மெஷினாக இருந்தால் இன்னும் ஒரு கண்ணி. விற்கிறவர் இன்டர்நெட் இல்லாமல் விண்டோஸ் ஏற்றிக் காட்டுவார், ஜோராக ஓடும். நீங்கள் பிறகு ஒருநாள் ரீசெட் செய்து வைஃபை கொடுத்ததும், ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரோடு "உங்கள் அலுவலகக் கணக்கில் நுழையவும்" என்று வந்து நிற்கும். அந்த நிறுவனம் தன் பட்டியலில் இருந்து விடுவித்தால் ஒழிய அது ஒழுங்காக உங்களுடையது ஆகாது. எனவே ரீசெட்டை விற்கிறவர் முன்னாலேயே, உங்கள் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துச் செய்யுங்கள். "டைம் ஆகும் சார்" என்று நெளிந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அடியில் கம்பெனி ஒட்டிய அசெட் ஸ்டிக்கரைச் சுரண்டிய தடம் இருந்து, பில்லும் இல்லை என்றால் தொடவே தொடாதீர்கள். திருட்டுப் பொருள் என்று சந்தேகப்பட முகாந்திரம் இருந்தும் வாங்கினால், குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு வாங்கினவர் கழுத்தையும் பிடிக்கும்.

விற்கும்போது வருகிற கூத்து வேறு ரகம். பார்க்காமலேயே, பேரமே பேசாமல், "ஓகே எடுத்துக்குறேன்" என்று ஒருவர் வந்தால் உஷாராகிவிட வேண்டும். ராணுவத்தில் இருக்கிறேன், வர முடியாது, ஆள் அனுப்புகிறேன் என்பார். சீருடைப் படத்தோடு ஒரு அடையாள அட்டையும் வரும். பிறகு ஒரு கியூஆர் கோடு: "ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் வந்துடும்." பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை. பின் கேட்டால் காசு உங்கள் கணக்கில் இருந்து போகிறது என்று அர்த்தம். எத்தனை வருடமாகச் சொல்கிறோம்! இன்னும் விழுகிறார்கள். விழுந்தால் அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குக் கூப்பிடுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று தூங்கப் போகாதீர்கள். நேரில் வருபவர் "அனுப்பிட்டேன்" என்று பச்சை டிக்கைக் காட்டினாலும் அதை நம்பாதீர்கள். அந்தப் பச்சை டிக்கை வரைந்து காட்டவே போலி ஆப் இருக்கிறது. உங்கள் வங்கி ஆப்பைத் திறந்து இருப்பைப் பார்த்த பிறகு பையைக் கொடுங்கள்.

"கூரியர்ல போடுங்க, சார்ஜ் உங்களோடது" என்பவருக்கு ஒரு கணக்கு. கூரியர் கம்பெனி எடை போடும் முறைப்படி, 50க்கு 40க்கு 15 சென்டிமீட்டர் பெட்டியின் மூன்று அளவையும் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் 6 கிலோ. மெஷினின் எடை இரண்டு கிலோ கூட வராது, ஆனால் பெட்டி அடைக்கும் இடத்துக்கு 6 கிலோ காசு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அதற்கு மேல், மூன்றாம் நாள் "ரேம் 8தான் காட்டுது, 16ன்னு சொன்னீங்க" என்று ரிட்டர்ன் வரும். யாரோ ஒரு துண்டைக் கழற்றியிருப்பார்கள். அதனால்தான் அனுப்பும் முன் ரேம், எஸ்எஸ்டி சீரியல் நம்பரைப் போட்டோ எடுத்து, அடிப்பக்க ஸ்க்ரூ மேல் கையெழுத்திட்ட ஸ்டிக்கர் ஒட்டுவது. அதைப் பார்த்து "என்ன ப்ரோ, நம்பிக்கை இல்லையா?" என்று கோபம் வேறு வருகிறது இவர்களுக்கு.

ஞாயிறு காலை பதினொரு மணிக்குத் தாம்பரத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, "ஆன் த வே" என்று மூன்று தடவை அனுப்பிவிட்டு, பன்னிரண்டரைக்கு போனை அணைத்துவிட்டு, அன்றைக்கே ராத்திரி 11.40க்கு மெசேஜ் போடுகிறார்கள்: "ப்ரோ, இன்னும் இருக்கா? 9,000 ஓகேன்னா சொல்லுங்க. பேக் ஃப்ரீதானே?"