ஆளைச் சோதியுங்கோ, பட்டியலை நீட்டாதேங்கோ

நான் கனடாவில் அனுமதியோடு துவக்கு (துப்பாக்கி) வைத்திருக்கிறேன் என்று தெரிந்தவுடன் எங்கட ஆட்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அங்க பட்டது காணாதே?" கலியாண வீட்டில், செத்த வீட்டில், பிள்ளைகளின் தமிழ் வகுப்பு வாசலில், எங்கேயும் இதே கேள்வி. கேட்பவர்களோடு எனக்குக் கோபம் இல்லை. இலங்கையில் போர்க்காலத்துச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று வளர்ந்த தலைமுறை நாங்கள். துவக்கு என்றால் அதைப் பிடித்திருந்தவனின் முகம்தான் எங்களுக்கு முதலில் ஞாபகம் வரும். கனடாவுக்கு வந்த பிறகும் தப்பவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் ஸ்காபரோவில் பெடியளின் கும்பல் சண்டைக்குள், கோப்பிக் கடையில் இருந்த ஒரு பல்கலைக்கழக மாணவனை ஆள்மாறிச் சுட்டுக் கொன்றார்கள். அந்த நேரம் வளர்ந்த பிள்ளை வைத்திருந்த எந்தத் தாயும் அதை மறந்திருக்க மாட்டாள்.

ஆனபடியால் அந்தக் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும் என்று கன நாளாக நினைத்திருந்தேன். நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கோ.

எங்கட அப்பப்பா வன்னியில் கமம் செய்தவர். வயலுக்குள் பன்றி இறங்கும், யானை வரும். அவரிடம் ஒரு சொட்கண் இருந்தது. 1916ஆம் ஆண்டுத் துவக்குச் சட்டத்தின் கீழ் வருடா வருடம் கச்சேரியில் (மாவட்ட அரச அலுவலகத்தில்) புதுப்பிக்கிற அனுமதியோடு வைத்திருந்தார். ஊரில் பல கமக்காரரிடம் அப்படி இருந்தது. இடியன் என்கிற உள்ளூர் நாட்டுத் துவக்கு வைத்திருந்தவர்களும் உண்டு. விதைத்ததை வீட்டுக்குக் கொண்டுவர உதவிய சாமான் அது. மண்வெட்டியைப் போல அதுவும் வீட்டுக் கோடிக்குள் இருந்தது. எண்பதுகளில் அந்தத் துவக்கு வீட்டைவிட்டுப் போய்விட்டது. யார் கேட்டார்கள், ஏன் கொடுத்தார்கள் என்பது அந்தக் காலத்தில் அங்கே இருந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனக்குத் துவக்கு என்பதன் முதல் கதை அப்பப்பாவிடமிருந்து வந்தது. சாவடிகள் அதற்குப் பிறகு வந்தவை.

இங்கே என்னிடம் இருப்பது ஒரு ரிக்கா டி3எக்ஸ், 308 வின்செஸ்ரர் ரவை (தோட்டா) போடுவது. கைப்பிடியை இழுத்து ஒவ்வொன்றாக ஏற்றிச் சுடுகிற போல்ற் அக்ஷன். வடக்கில் பனிக்குள் ரோந்து போகிற கனேடியன் ரேஞ்சர்களுக்குப் பழைய லீ-என்ஃபீல்டுக்குப் பதிலாக 2018 அளவில் கொடுக்கத் தொடங்கிய சி19 துவக்கும் இதே குடும்பம்தான். நவம்பரில் மான் வேட்டைக்குப் போவேன். மற்ற மாதங்களில் கழகத்தின் சுடுதளத்தில் கடதாசி இலக்கைச் சுடுவேன். செம்மஞ்சள் மேற்சட்டையும் தொப்பியும் போடாமல் ஒன்ராறியோவில் துவக்கு வேட்டைக் காலத்தில் மானுக்குப் போக ஏலாது. சட்டம் அப்படி. கிடைத்தால் இறைச்சி நாலு வீட்டுக்குப் போகும். யாழ்ப்பாணத்துத் தூள் போட்டு வைத்த மான் இறைச்சிக் கறியை "அங்க பட்டது காணாதே" என்று கேட்ட வீடுகளிலும் சாப்பிட்டிருக்கிறார்கள். சந்தோசம்.

எனக்கு வேட்டையைவிட இப்போது பிடித்துப் போனது ரவையை நானே கட்டுவது. ரீலோடிங் என்று சொல்வார்கள். சுட்டு முடிந்த பித்தளைக் கோதை எறியாமல், அதற்குப் புதிய பிரைமர் (அடி விழுந்ததும் தீப்பொறி தருகிற சின்ன மூடி), புதிய வெடிமருந்து, புதிய சன்னம் (பறக்கிற குண்டு) போட்டுத் திரும்ப ரவையாக்குகிற வேலை. பழகத் தொடங்கியது செலவைக் குறைக்க. தொற்றுக் காலத்தில் கடைகளில் ரவையே இல்லை, பிரைமர் அறவே இல்லை. வந்த நேரமும் விலை தலைசுற்றியது. கழகத்தில் ஒரு வயது போன மனிதர், கமக்காரராக இருந்து ஓய்வெடுத்தவர், தன் வீட்டு நிலக்கீழ் அறையில் வைத்து எனக்குப் பழக்கினார்.

அவர் முதல் நாள் என்னை மருந்துப் பக்கமே விடவில்லை. ஒரு பெட்டி நிறையப் பழைய கோதுகளைத் தந்து, நல்லது கெட்டதைப் பிரி என்றார். ஒரு கோதைச் சுடும்போது அது துவக்கின் ரவை அறைக்குள் விரிந்து நீளும். சுட்டுச் சுட்டு, அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே சுவர் மெலியும். வெளியில் மினுங்குகிற மெல்லிய வளையமாகத் தெரியும். சில கோதில் வெளியே ஒன்றும் தெரியாது. அதற்குத்தான் நுனி வளைத்த ஒரு கம்பி. உள்ளே விட்டு அடியிலிருந்து மேலே இழுத்தால், மெலிந்த இடத்தில் நகம் மாட்டுவதுபோல மாட்டும். அந்தக் கோதைக் குறட்டால் நசுக்கிப் போட்டுவிட வேண்டும், தவறியும் திரும்ப எடுத்துவிடக் கூடாது என்பதற்காக. அதைத் திரும்பக் கட்டிச் சுட்டால் அடி தனியாகக் கழன்று, எரிகிற வாயு சுடுகிறவனின் முகப் பக்கம் வர இடமுண்டு. விரல் நுனியால் அந்தச் சின்னத் தடக்கை உணரப் பழகிய பிறகுதான் அவர் அடுத்த வேலைக்கு விட்டார்.

பிறகு கோதுக்கு மசகு பூசி அச்சுக்குள் விட்டுப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது, நீளத்தை அளப்பது. 308 கோது 2.015 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் வாயை வெட்டிச் சுரண்டிச் சீராக்க வேண்டும். மருந்து நிறுப்பது கிரெயின் கணக்கில். ஒரு கிராமுக்குள் ஏறத்தாழப் பதினைந்தரைக் கிரெயின் அடங்கும். அதிலும் பத்தில் ஒரு பங்கு வரை பார்க்க வேண்டும். பொன் நிறுக்கிற தராசுக்கு முன்னால் இருப்பதுபோல மூச்சை அடக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. மேசையில் ஒரு நேரத்தில் ஒரு மருந்து டப்பாதான் இருக்கலாம். புத்தகத்தில் போட்டிருக்கிற ஆரம்ப அளவிலிருந்துதான் தொடங்கலாம். இணையத்தில் யாரோ சொன்ன அளவை நம்பவே கூடாது. தட்டு முழுக்க மருந்து போட்டு முடிந்தால், சன்னம் வைக்க முதல் டோர்ச் அடித்து ஒவ்வொரு கோதுக்குள்ளும் பார்க்க வேண்டும், இரண்டு தரம் விழுந்ததா, விழவே இல்லையா என்று. ரேடியோ இல்லை, தொலைபேசி இல்லை, கதையும் இல்லை. இருந்து பார்த்தால் தெரியும், இரண்டு மணித்தியாலம் மனம் வேறெங்கும் ஓடாது. ஊர் நினைவும் வேலைக் கரைச்சலும் அந்த நேரத்தில் கிட்ட வராது. என் மனிசி ஆரம்பத்தில் முகம் சுழித்தவ. இப்போது "போய்க் கோதைக் கழுவுங்கோ, மண்டை ஆறும்" என்று அவவே சொல்கிறா.

பலன் இலக்கில் தெரியும். கடை ரவையில் பரவி விழுந்த சன்னங்கள், என் துவக்குக்கென்று கட்டிய ரவையில் நூறு யார் தூரத்தில் ஒரு அங்குலத்துக்குள் நெருங்கி விழும்போது வருகிற மகிழ்ச்சி பெரியது.

இதெல்லாம் ஒளித்துச் செய்கிற வேலை இல்லை. சொந்தப் பாவனைக்கு ரவை கட்ட சட்டம் இடம் தருகிறது, விற்க விடாது. வீட்டில் எவ்வளவு மருந்து வைக்கலாம் என்பதற்கு எல்லை இருக்கிறது. பிரபலமான ஐ.எம்.ஆர் வெடிமருந்தைக் கியூபெக்கில் வலிஃபீல்டில்தான் செய்தார்கள் என்பதும் பலருக்குத் தெரியாது.

இனி என் கவலைக்கு வருகிறேன்.

கனடாவில் துவக்கு வைத்திருப்பது உரிமை இல்லை. அமெரிக்காவின் இரண்டாவது திருத்தம் மாதிரி ஒன்று எங்களுக்குக் கிடையாது என்பதை உச்ச நீதிமன்றம் 1993இலேயே சொல்லிவிட்டது. அந்த அமெரிக்கச் சண்டையை இங்கே இறக்குமதி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எனக்குத் தந்திருப்பது ஒரு அனுமதி. அதற்காக வகுப்புக்குப் போய், எழுத்திலும் செய்முறையிலும் நூற்றுக்கு எண்பதுக்குக் குறையாமல் எடுத்தேன். என்னைத் தெரிந்த இரண்டு பேர் எனக்காகக் கையெழுத்து வைத்தார்கள். விவாகரத்து, வேலையிழப்பு, மனச்சோர்வு எல்லாம் விண்ணப்பத்தில் கேட்டார்கள். என் மனிசிக்குத் தெரியாமல் அந்த விண்ணப்பம் நகராது. அனுமதி கிடைத்த பிறகும் என் பெயர் பொலிஸ் பதிவுகளோடு ஒவ்வொரு நாளும் ஒப்பிடப்படுகிறது. ஐந்து வருடத்துக்கு ஒருக்கால் புதுப்பிக்க வேண்டும். இதில் ஒன்றைக்கூட நான் குறை சொல்லவில்லை. இன்னும் இறுக்கினாலும் சம்மதம். கனடாவில் துவக்கால் போகிற உயிர்களில் பெரும்பங்கு தற்கொலை. வீட்டுக்குள் அடி உதை நடக்கிற இடத்தில் துவக்கு இருக்கவே கூடாது. சி-21 என்கிற துவக்குக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் அப்படிப்பட்ட ஆட்களின் அனுமதியைப் பறிக்க வைத்திருக்கிற பிரிவுகளை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

எனக்கு ஒவ்வாதது, தடைசெய்த துவக்கு மாதிரிகளின் பட்டியல். 2020 ஏப்ரலில் நோவா ஸ்கோஷியாவில் 22 பேர் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதம் முதலாம் திகதி ஏறத்தாழ 1,500 மாதிரித் துவக்குகள் ஒரு கட்டளையில் தடையாகின. அந்தக் கொலைகாரனிடம் துவக்கு அனுமதியே இல்லை. அவனிடம் இருந்தவற்றில் சில அமெரிக்காவிலிருந்து கடத்தி வந்தவை. அவன் வீட்டுக்குள் நடந்த வன்முறை பற்றியும், கள்ளத் துவக்குகள் பற்றியும் அயலில் இருந்த ஒரு பெண் பல வருடங்களுக்கு முதலே பொலிசுக்குச் சொல்லியிருந்தார். விசாரணை ஆணைக்குழு 2023இல் இதையெல்லாம் எழுதி வைத்தது. அதே ஆணைக்குழு, சுட்டவுடன் அடுத்த ரவையைத் தானே ஏற்றிக்கொள்கிற அரைத்தானியங்கித் துவக்குகள் பலவற்றுக்குத் தடை கேட்டதையும் நான் மறைக்க மாட்டேன். 1989இல் மொன்றியலில் 14 பெண்களைக் கொன்றவன் கையில் இருந்ததும் அரைத்தானியங்கிதான். அந்தக் குடும்பங்கள் தடை கேட்பதை எதிர்த்து வாய் திறக்க எனக்கு மனம் வராது. ஆனால் அந்தப் பெண் சொன்ன நேரம் ஒருவர் போய்க் கதவைத் தட்டி அவன் வீட்டைச் சோதித்திருந்தால் என்ற கேள்விக்கு எந்தப் பட்டியலும் பதில் சொல்லாது.

பட்டியல் ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. 2022 ஒக்ரோபரில் கைத்துப்பாக்கி வாங்குவது விற்பது முடக்கப்பட்டது. தகப்பன் பிள்ளைக்குக்கூடக் கொடுக்க ஏலாது. அதே வருட நவம்பரில் சி-21க்குள் கடைசி நேரத்தில் தடையை இன்னும் விரிக்கிற ஒரு திருத்தத்தைச் செருகினார்கள். வேட்டைக்காரரும் பூர்வகுடி மக்களும் ஏன் என்று கேட்டு எழும்பிய பிறகு 2023 பெப்ரவரியில் திரும்பப் பெற்றார்கள். 2024 டிசம்பரில் இன்னும் முந்நூறுக்கு மேல், 2025 மார்ச்சில் இன்னொரு தொகுதி. இப்போது எல்லாமாக 2,500 மாதிரிகளுக்கு மேல். என் துவக்கு எந்தப் பட்டியலிலும் இல்லை, "பிறகேன் நீ கத்துகிறாய்" என்று கேட்கிறார்கள். கழகத்தில் என் பக்கத்தில் நின்று சுட்டவர், என்னைப்போலவே சோதிக்கப்பட்டவர், ஒரு காலை எழும்பும்போது தன் அலுமாரிக்குள் இருப்பது தடைசெய்யப்பட்ட பொருள் என்று அறிந்தார். அதைச் சுடவும் முடியாது, விற்கவும் முடியாது, பூட்டி வைத்திருக்கலாம். அப்படி வைத்திருப்பவர்மேல் வழக்குப் போடாமல் விடுகிற பொதுமன்னிப்புக் காலத்தையும் திரும்பத் திரும்ப நீட்டி, 2025இல் அதை 2026 ஒக்ரோபர் 30 வரை கொண்டுபோனார்கள். அவர் செய்த பிழை என்ன என்று எனக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

அதேநேரம் ரொறொன்ரோவில் குற்றங்களில் பிடிபடுகிற கைத்துப்பாக்கிகளில் பெரும்பாலானவை எல்லை தாண்டி வந்தவை என்று பொலிசாரே பல வருடமாகச் சொல்லி வருகிறார்கள். எல்லாம் அப்படி இல்லை. 2018இல் டான்ஃபோர்த் வீதியில் இரண்டு பேரைக் கொன்ற கைத்துப்பாக்கி சஸ்காட்சுவானில் ஒரு கடையில் களவு போனது. பூட்டு, அலுமாரி, ரவையைத் தனியாக வைப்பது என்று நான் கழகத்தில் புதிதாக வருகிற ஆட்களோடு சண்டை பிடிப்பது அதனால்தான்.

தடைசெய்த துவக்குகளை அரசாங்கம் காசு கொடுத்துத் திரும்ப வாங்குகிற திட்டத்தைத் தலையில் சுமப்பவர் எங்கட ஆள், ஒரு தமிழர். 2025 மே மாதத்திலிருந்து பொதுப் பாதுகாப்பு அமைச்சர் கரி ஆனந்தசங்கரி. அவர் அந்த இடத்துக்கு வந்தது எனக்கும் பெருமைதான். அந்த செப்டெம்பரில் ஒரு ஒலிப்பதிவு வெளியில் வந்தது. துவக்குகளைத் திரும்ப வாங்கும் திட்டத்தை நடத்த உள்ளூர்ப் பொலிசிடம் வளம் இருப்பதாகத் தான் நினைக்கவில்லை என்று அதில் அவர் சொல்லியிருந்தார். பிறகு, அப்படிக் கதைத்தது சரியில்லை என்று விளக்கம் கொடுத்தார். அந்தப் பதிவை வைத்து அவரை இழிவாகத் திட்டியவர்களோடு, அவர் பிறந்த இடத்தை இழுத்தவர்களோடு எனக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் மூடிய அறைக்குள் சொன்ன சந்தேகத்தை அவர் நாடாளுமன்றத்தில் சொல்லியிருந்தால் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட அனுமதிக்காரர்கள் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியிருப்பார்கள்.

அந்த இருபது லட்சத்துக்குள் தமிழர்களும் இருக்கிறோம். பலர் வெளியில் சொல்வதில்லை. அக்கம்பக்கம் என்ன நினைக்கும், சொந்தக்காரர் என்ன கதைப்பார்கள் என்ற பயம். வேட்டைக்குப் போகிற பெடியன் ஒருவன் வீட்டில் "மீன் பிடிக்கப் போறன்" என்று சொல்லிவிட்டு வருகிறான். அப்படி ஒளிக்கிறதால்தான் சட்டம் எழுதுகிறவர்களுக்கு எங்கட வீடுகளில் இப்படியும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரியாமல் போகிறது. எஸ்.கே.எஸ் என்கிற பழைய சோவியத் அரைத்தானியங்கித் துவக்கை என்ன செய்வது என்ற மீளாய்வு இருக்கிறது. மலிவான துவக்கு என்பதால் வடக்கில் பூர்வகுடி வேட்டைக்காரர் பலர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்காகவும் சேர்த்து என் தொகுதி உறுப்பினருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். அனுமதி கொடுக்கிற அலுவலகங்களுக்கு ஆட்களைக் கூட்டுங்கோ, வீட்டு வன்முறை முறைப்பாடு வந்தால் அன்றைக்கே போங்கோ, எல்லையில் காசைப் போடுங்கோ என்று கேட்டிருக்கிறேன். கடிதம் தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. வேண்டியவர்கள் உள்பெட்டியில் கேளுங்கோ, அனுப்பிவிடுகிறேன். உங்கட பெயரைப் போட்டு, உங்கட கதையைச் சேர்த்து அனுப்புங்கோ. எனக்கு எதிராக எழுதுவதென்றாலும் எழுதி அனுப்புங்கோ, சுடுதளத்துக்கு ஒருநாள் வந்து பார்த்துவிட்டு. கூட்டிக்கொண்டு போவது என் பொறுப்பு.