மணி அடித்தால் யாருக்குக் கேட்கிறது?

கல்லூரி வளாகத்தில் சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு அறிவுரை சொல்ல ஊரே வரிசையில் நிற்கிறது. தலைக்கவசம் போடு, விளக்கு மாட்டு, மணி அடி. எல்லாம் செய்தாயிற்று ஐயா! அந்த மணியைக் கேட்க யார் காதைத் திறந்து வைத்திருக்கிறார்கள்? இரண்டு காதிலும் இயர்போன், கண் கைப்பேசியில், கால் மட்டும் சைக்கிள் பாதையில். தரையில் அவ்வளவு பெரிதாகச் சைக்கிள் படம் வரைந்து வைத்திருக்கிறார்களே, அது என்ன அலங்காரமா?

வகுப்பு விட்டதும் ஒரு கூட்டம் பாதையை அடைத்துக்கொண்டு தோளோடு தோள் உரசி நடக்கும். மணி அடித்தால் நடுவில் இருப்பவர் இடப்பக்கம் துள்ளுவார், உடனே மனம் மாறி வலப்பக்கம் துள்ளுவார், கடைசியில் முன்சக்கரத்துக்கு நேரே வந்து நின்று நம்மை முறைப்பார். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சைக்கிள் ஒரே நொடியில் சுமார் 5.6 மீட்டர் ஓடிவிடும். பிரேக்கில் விரல் அழுந்தவே அந்த நொடி போய்விடுகிறது. மழையில் ரிம் நனைந்திருந்தால் பிரேக் கட்டை பிடிப்பதற்குள் உயிரே போய் வரும். இயற்பியல் துறை வாசலிலேயே இந்தக் கூத்து நடப்பதுதான் வேடிக்கை.

கார்காரர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சைக்கிள் பாதையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, பின்னால் பார்க்காமல் படாரென்று கதவைத் திறப்பார்கள். கேட்டால், “இரண்டே நிமிடம்தான் தம்பி.” கதவு விலாவில் இடிக்க இரண்டு நிமிடமா வேண்டும்?

இதற்கு நடுவே, எதிர்த்திசையில் ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டு வரும் இன்னொரு சைக்கிள்காரர். ஓரமாகப் போகச் சொல்லி நம்மை அதட்டுகிறார்!