விலாந்ரி: முதலில் மேலே ஏறுங்கள்

பிரான்சின் விலாந்ரி மாளிகைத் தோட்டத்துக்குள் நேராக நடந்து போகலாம் என்று உங்கள் கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். முதலில் மேல்தளத்துக்கு ஏறுவதுதான் நல்லது என்பேன். கீழே நின்றால் கத்தரித்த குட்டைப் புதர்வேலிகள்தான் தெரியும். மேலிருந்து பார்க்கும்போதுதான் இதயம், விசிறி, குறுவாள் வடிவங்கள் பிடிபடும். நான் அங்கேயே வெகுநேரம் நின்றுவிட்டேன்.

அப்புறம் அந்தக் காய்கறித் தோட்டம்! ஒரே அளவில் ஒன்பது சதுரங்கள், ஒவ்வொன்றிலும் வேறு கோலம். முட்டைக்கோசின் நீலப்பச்சை எந்தப் பூவுக்கும் குறைந்ததில்லை. வசந்தத்தில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை என்று ஆண்டுக்கு இருமுறை நடுகிறார்கள்.

1906-இல் இந்த மாளிகையை வாங்கிய ஜோகிம் கார்வாலோதான், அங்கிருந்த ஆங்கிலப் பாணிப் பூங்காவை அகற்றி மறுமலர்ச்சிக் காலத் தோட்டத்தை மீட்டவர். அவரைப் பற்றி ஒரு வரியாவது சேர்த்திருக்கலாம்.